குமரி மாவட்டத்தின் முதலிடம் எந்தக் காலத்துப் பணம்?

மாநிலத் திட்டக் குழு 2017-ல் வெளியிட்ட தமிழ்நாடு மனித வளர்ச்சி அறிக்கையில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முதலிடம். மதிப்பெண் 0.944. கடைசியில் நின்ற அரியலூருக்கு 0.282. அதற்குப் பிறகு நம் மாவட்டத்துக்கு என்ன கேட்டாலும் "உங்களுக்குத்தான் எல்லாம் இருக்கே" என்ற பதில் சுலபமாக வந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். இந்த எண்கள் உண்மைதான். ஆனால் இவை எந்தக் காலத்துச் செலவின் பலன் என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் அந்த 0.944-ஐச் சரியாகப் படிக்க வேண்டும். ஐ.நா. ஆண்டுதோறும் நாடுகளுக்குப் போடும் மனித வளர்ச்சிக் குறியீட்டோடு இதை ஒப்பிடக் கூடாது. ஒப்பிட்டால் குமரி உலகத்தின் முன்னணி நாடுகளோடு நிற்கும், அரியலூர் உலகத்தின் கடைசி நாட்டுக்கும் கீழே போய்விடும். இரண்டுமே நடப்பு இல்லை. மாவட்டங்களுக்குள் யார் முன்னால், யார் பின்னால் என்று காட்டுவதற்காகப் போட்ட கணக்கு அது. முதலிடம் என்றால் தமிழ்நாட்டு மாவட்டங்களில் முன்னால் இருக்கிறோம் என்று மட்டும் பொருள். தேவை தீர்ந்துவிட்டது என்று பொருள் இல்லை.

ஐ.நா. கணக்கு போடும் முறை தெரிந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1990-ல் மஹ்பூப் உல் ஹக் இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தார், அமர்த்தியா சென் துணை நின்றார். ஆயுள், கல்வி, வருமானம் என்று மூன்று பகுதி. ஆயுளுக்குக் கீழ் எல்லை 20 வயது, மேல் எல்லை 85. சராசரி ஆயுள் 72 என்றால் 72-லிருந்து 20-ஐக் கழித்து 65-ஆல் வகுக்க வேண்டும், 0.8 வரும். கல்வியில் இரண்டு அளவு உண்டு. இப்போது பள்ளியில் சேரும் குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று, அதற்கு மேல் எல்லை 18. 25 வயதைத் தாண்டியவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு படித்திருக்கிறார்கள் என்பது இன்னொன்று, அதற்கு மேல் எல்லை 15. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கல்விக் குறியீடு. வருமானத்தை மடக்கை போட்டுச் சேர்ப்பார்கள். கடைசியில் மூன்றையும் பெருக்கி மூன்றாம் படிமூலம் எடுப்பார்கள். பெருக்குவதால், ஒன்றில் படுத்துவிட்டால் மற்ற இரண்டும் அதை முழுக்க ஈடு செய்ய முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த "25 வயதைத் தாண்டியவர்கள்". இந்த ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை அந்தக் கணக்கில் ஏறுவதற்குப் பத்தொன்பது, இருபது ஆண்டுகள் ஆகும். ஆயுள் கணக்கும் அப்படித்தான். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசியும் தின்ற முட்டையும் ஐம்பது, அறுபது வயதில்தான் முழுதாகத் தெரியும். ரப்பர் நட்டவருக்கு இது புரியும், பால் வெட்ட ஆறேழு வருஷம் காத்திருக்க வேண்டும். நடுவில் உரத்தை நிறுத்தினால் அன்றைக்கே மரம் எதையும் சொல்லாது. ஆகவே குறியீடு உயர்ந்து நிற்கும் காலத்திலேயே அடியில் செலவு குறைந்துகொண்டு போக முடியும். அது தெரியவரும்போது ஒரு தலைமுறை போயிருக்கும்.

நம் மாவட்டத்தின் எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பணம் மிகப் பழையது. இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1817-ல், அதன் ராணி கௌரி பார்வதிபாய் மக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். இந்தியாவில் அந்தக் காலத்துக்கு அது பெரிய சொல். ஆனால் அரசுப் பள்ளியின் கதவு நெடுங்காலம் எல்லாச் சாதிக்கும் திறக்கவில்லை. திறக்காத இடத்தை மிஷன் பள்ளிகள் நிரப்பின. 1806-ல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே, 1818-ல் நாகர்கோவிலில் சார்லஸ் மீட், அதை ஒட்டிய ஆண்டுகளிலேயே பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளி. பின்னாளில் அரசு இந்தப் பள்ளிகளுக்கு மானியம் கொடுக்கத் தொடங்கியபோது "அரசு உதவி பெறும் பள்ளி" என்ற வகை வேரூன்றியது. நிலமும் கட்டடமும் நிர்வாகத்துடையது, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. குமரியில் சி.எஸ்.ஐ. பள்ளி, கத்தோலிக்கப் பங்குப் பள்ளி, இந்து நிர்வாகப் பள்ளி, முஸ்லிம் நிர்வாகப் பள்ளி என்று இந்த வகை ஊருக்கு ஊர் உண்டு. மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956 நவம்பர் 1-ல். காமராஜர் ஆட்சியின் மதிய உணவுத் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டு. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2017 அறிக்கையில் எண்ணப்பட்ட பெரியவர்கள் இந்தப் பணத்தில் படித்து வளர்ந்தவர்கள்.

மருத்துவத்தில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் தொடக்கக் காலம் ஒரு பாடம். ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவர் 1838-ல் அங்கே பணி தொடங்கினார். சில ஆண்டுகளில் அவர் போனதும் வேலை நின்றது. 1850-களில் வந்த லெய்ச் 1854-ல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார், மறுபடி நின்றது. 1861-ல் ஜான் லோ வந்த பிறகுதான் தொடர்ச்சி கிடைத்தது. அவர் செய்த முக்கியமான காரியம் உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. ஒரு மருத்துவர் இல்லாமல் போனாலும் வேலை ஓடும் நிலை அதனால் வந்தது. எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் பின்னால் அங்கே ஆண்டுக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்ய முடிந்தது இந்த அடித்தளத்தின் மேல்தான். மருத்துவமனை என்பது அடிப்படையில் மாதச் சம்பளம் வாங்கும் ஆட்களின் வரிசை. கட்டடத்துக்கு ஒரு தடவை பணம் போதும். வரிசைக்கு ஒவ்வொரு மாதமும் வேண்டும்.

இதை இன்றைய ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுப் பார்க்கலாம். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது விதி. துணை சுகாதார நிலையம் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று. "24 மணி நேரமும் இயங்கும்" என்று பலகை வைத்த நிலையத்தில் மூன்று செவிலியர்கள் என்பது பழகிய ஏற்பாடு. ஆளுக்கு எட்டு மணி நேரம், மூன்று ஷிப்ட், கணக்கு சரி என்று தோன்றும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு செவிலியர் வாரம் 48 மணி நேரம் வேலை செய்தால் மூவருக்கும் சேர்த்து 144. யாரும் லீவு போடாமலே வாரம் 24 மணி நேரம் குறைகிறது. பயிற்சி, மகப்பேறு விடுப்பு, முகாம் டியூட்டி எல்லாம் சேர்த்தால் ஐந்து பேர் இருந்தால்தான் ஓடும். குறையும் நேரத்தில் என்ன நடக்கும்? இருப்பவர் இரட்டை டியூட்டி பார்ப்பார், அல்லது ராத்திரி பிரசவ வலியோடு வந்தவரை 108-ல் ஏற்றித் தாலுகா மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இரண்டு தடவை அப்படி அனுப்பினால் அந்த ஊரில் மூன்றாவது பெண் அங்கே வரமாட்டார். பிரசவ எண்ணிக்கை குறையும். குறைந்துவிட்டது என்று சொல்லிச் செவிலியர் இடத்தை வேறு நிலையத்துக்கு மாற்றுவார்கள். ஒரு நிலையம் சாவது இப்படித்தான். யாரும் மூடவேண்டியதில்லை.

மருந்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட இடம் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர். வாங்கிய மருந்து மாவட்டக் கிடங்குக்கு வரும். மருந்தின் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயர் தெரியாதபடி குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டு ஒதுக்கீட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் அதில் வரவு வைக்கப்படும், எடுக்கும் மருந்தின் விலை அதில் கழியும். மீதி 10 சதவீதம் அவசரத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ள.

இந்த முறையில் கோளாறு வரும் இடம் பாஸ்புக்கின் மேல்வரம்பு. காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் மருந்து கொடுத்த காலத்தில் நோயாளி மூன்று நாள் மாத்திரை வாங்கிப் போய்விடுவார். குமரியில் பிறப்பு குறைந்து வயதானவர்கள் கூடி வருகிறார்கள். இங்கே இப்போது முக்கிய நோயாளிகள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள். சர்க்கரைக்குக் காலையும் இரவும் மெட்பார்மின், ரத்த அழுத்தத்துக்கு ஒரு அம்லோடிபின் என்று ஒருவருக்கு நாளுக்கு மூன்று மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,095. ஒரு துணை நிலையத்தின் 5,000 பேரில் பத்தில் ஒருவருக்கு இது தேவை என்றால் 500 பேர், ஆண்டுக்கு 5,47,500 மாத்திரை. இன்சுலின் தேவைப்படுபவர்கள் இதில் சேரவில்லை. இந்தச் செலவு ஒவ்வொரு ஆண்டும் வரும், கூடிக்கொண்டே வரும். ஒதுக்கீட்டை முந்தைய ஆண்டின் எடுப்பை வைத்துப் போட்டால் இந்த வருஷம் புதிதாகக் கண்டுபிடித்த நோயாளிக்கு அதில் இடமே இல்லை. வீட்டு வாசலுக்கு வந்து சோதிக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியது. அது நன்றாக வேலை செய்யச் செய்ய மருந்துக் கணக்கு ஏறத்தான் வேண்டும். ஏறாவிட்டால் பிப்ரவரி, மார்ச்சில் இருபது நாள் மாத்திரை கொடுத்து "மீதியை வெளியே வாங்கிக்கோங்க" என்ற சீட்டு வரும்.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை ஏறக்குறைய 72 கிலோமீட்டர் கடற்கரை. தூத்தூர் வட்டாரத்துக்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கு ஆகும். முப்பது நாள் மாத்திரையோடு போனவர் முப்பத்தைந்தாம் நாள் கரையேறினால் ஐந்து நாள் மருந்து இல்லாமல் இருந்திருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது பக்கவாதத்துக்கு வழி. மேற்கே திருவட்டாறு, கடையால் பக்கம் ரப்பர் வெட்டுபவர் விடியும் முன் தோட்டத்துக்குப் போவார், பால் எடுத்து ஷீட் அடித்து முடிப்பதற்குள் காலை வெளிநோயாளர் நேரம் முடிந்திருக்கும். இவர்களுக்கு வேண்டியது மூன்று மாத மருந்தை ஒரே தடவையில் கொடுப்பது. இதனால் ஆண்டுக்கான மாத்திரை எண்ணிக்கை அதிகமாகாது. நிலையத்தில் கையிருப்பு மட்டும் மூன்று மடங்கு இருக்க வேண்டும், அதற்கு ஏற்றபடி கிடங்கிலிருந்து ஆண்டின் தொடக்கத்திலேயே கூடுதலாக எடுக்க அனுமதி வேண்டும். இது பெரிய பணம் கேட்கும் காரியமே இல்லை, உத்தரவு ஒன்று போதும். ஒரு மாவட்டம் முழுவதற்கும் ஒரே அளவு சட்டை தைப்பதை நிறுத்தினால் நடக்கும்.

நாட்டளவில் பார்த்தால் 2021-22 தேசிய சுகாதாரக் கணக்கின்படி மருத்துவத்துக்கு அரசுகள் எல்லாம் சேர்ந்து செய்த செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2013-14-ல் அது 1.15. அதே காலத்தில் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 64.2 சதவீதத்திலிருந்து 39.4 சதவீதமாக இறங்கியது. அரசு போட்டால் குடும்பத்தின் பை தப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025-க்குள் 2.5 சதவீதம் என்று சொன்னது. கல்விக்கு 6 சதவீதம் என்று 1966-ல் கோத்தாரி குழு சொன்னதும் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் 2025-26 பட்ஜெட்டில் சுகாதாரத் துறைக்கு 21,906 கோடி, பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி. சுகாதாரத் தொகையைத் தலைக்கு வகுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,800 ரூபாய், நாளுக்கு எட்டு ரூபாய்க்கும் கீழே. இந்த எட்டு ரூபாய்க்குள்தான் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியும் வருகிறது, மலையோரத் துணை நிலையமும் வருகிறது. இப்படிப்பட்ட சிறிய தொகையில்தான் 2020-ல் மாநிலத்தின் குழந்தை இறப்பு விகிதத்தை ஆயிரத்துக்கு 13-க்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், நாட்டின் சராசரி அப்போது 28. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 6. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள் ஒப்பிட வேண்டியது அந்த 6-ஓடுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரே திருவிதாங்கூரின் இரண்டு துண்டுகள் நாம்.

இனி பள்ளி. குமரியில் தொடக்கப் பள்ளிகளின் பெரிய தொல்லை பிள்ளைகள் குறைந்தது. மாநிலத்தின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள், 2020-லேயே 1.4. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூன்று, 120 வரை நான்கு. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வருகையில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்வார்கள். 61 பிள்ளைகள் இருந்த பள்ளியில் இரண்டு பேர் குறைந்தால் ஒரு ஆசிரியர் "உபரி" ஆகிவிடுவார். பிள்ளைகள் இரண்டு பேர்தான் குறைந்தார்கள், வகுப்புகள் ஐந்தும் அப்படியேதான் இருக்கின்றன.

ஈராசிரியர் பள்ளியின் கணக்கு இது. தொடக்க நிலைக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு ஆசிரியர், 1,600 மணி நேரம். ஐந்து வகுப்புக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு ஆசிரியரின் நேரடிக் கவனம் 320 மணி நேரம். மிச்ச நேரம் பிள்ளை பக்கத்து வகுப்பின் பாடத்தைக் கேட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கும். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பாகப் பிரிக்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலையாகப் பிரித்தது இந்த நிலைமைக்குச் சரியான யோசனை. ஆனால் அதற்கு இரண்டு ஆசிரியர்களும் அறையில் இருக்க வேண்டும். ஒருவர் வாக்காளர் பட்டியல் வேலைக்கோ வட்டார வளமையப் பயிற்சிக்கோ போனால் அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒருவர். அந்த நாளில் எந்த முறையும் நிற்காது. மாணவர் எண்ணிக்கைக்கு ஒரு ஆசிரியர் என்ற விதியோடு, வகுப்பு எண்ணிக்கைக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர் என்ற அடித்தளமும் வேண்டும். பிறப்பு குறைந்த மாவட்டம் என்பதால் இது இங்கே முதலில் தேவைப்படுகிறது, பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வரும்.

பள்ளி மானியம் என்று மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வருவது, 30 பிள்ளைகள் வரை உள்ள அரசுப் பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். பத்தாயிரத்தில் பதிவேடு, சாக்பீஸ், குழாய் ரிப்பேர், சுவரில் மழை ஒழுகிய இடம். ஜூனில் வந்தால் உதவி. ஜனவரியில் வந்து மார்ச் 31-க்குள் பில் வைக்கச் சொன்னால், தேவையானதை வாங்குவதற்குப் பதில் கிடைப்பதை வாங்குவார்கள். 2024-25-ல் மத்திய அரசு பி.எம். ஸ்ரீ என்ற மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்து கேட்டுத் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடியை நிறுத்தியபோது, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர், இயன்முறை சிகிச்சை போன்ற செலவுகளெல்லாம் அந்தக் கணக்கில்தான் தொங்கின. வாரம் தவறாமல் கை கால் பயிற்சி தேவைப்படும் பிள்ளைக்கு டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் வழக்கைப் பற்றி என்ன தெரியும்?

அடுத்து, குமரிக்கு மட்டும் திரும்பத் திரும்ப விழும் அடி. திட்டங்கள் "ஊரகம்" என்றும் "அரசுப் பள்ளி" என்றும் எல்லை போட்டுக்கொண்டு வருகின்றன. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தில். ஊரைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வாழைத் தோப்பும் குளமும் ரப்பரும் சூழ்ந்த ஊர்களெல்லாம் பேரூராட்சிகள், ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. கிராம ஊராட்சி 95 மட்டுமே. பேரூராட்சி என்ற பலகை இருந்ததால் நூறு நாள் வேலை அந்தத் தெருவுக்கு வரவில்லை. பக்கத்து ஊராட்சிக்கு வந்தது.

காலை உணவுத் திட்டத்தில் இந்த இரண்டு எல்லைகளும் சேர்ந்தன. திட்டம் அருமையானது. ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, சாம்பாருக்கு 15 கிராம் பருப்பு, காய்கறி. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை பதினொரு மணிக்கு மேசையில் தலை சாய்ப்பது இதனால் நின்றது. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஊரகத்துக்கு 2024 ஜூலை 15-ல் வந்தது. நகர்ப்புறத்துக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26-ல். பேரூராட்சியில் இருக்கும் உதவி பெறும் பள்ளிப் பிள்ளை, அதாவது குமரியின் மிகச் சாதாரணமான பிள்ளை, வரிசையில் கடைசி. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பிள்ளையைவிட இரண்டு ஆண்டு தாமதம், ஏறக்குறைய 400 காலைச் சாப்பாடு. இரண்டு பிள்ளைகளின் அப்பாவும் ஒரே வள்ளத்தில் போயிருக்கலாம்.

புதுமைப்பெண் திட்டமும் இதே வழியில்தான் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் வந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்கு அது 2024 டிசம்பர் 30-ல்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்று 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளிகள் இன்றும் இல்லை. கட்டணம் வசூலிக்கும் மெட்ரிக் பள்ளியோடு கடலோரப் பங்குப் பள்ளியை ஒரே தட்டில் வைப்பது நியாயம் ஆகாது. அந்தப் பள்ளியின் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசின் கருவூலம், பிள்ளை ஏழைப் பிள்ளை. நிர்வாகம் யாருடையது என்பதை வைத்துப் பிள்ளையின் தேவையை அளக்கக் கூடாது.

உதவி பெறும் பள்ளிகளுக்கு உள்ளேயே ஒரு நோய் உண்டு. காலியிடத்தில் நிர்வாகம் ஆசிரியரை நியமிக்கும், கல்வி அலுவலகம் நியமன ஒப்புதல் கொடுத்த பிறகே சம்பளப் பட்டியல் கருவூலத்துக்குப் போகும். ஒப்புதல் நிலுவையில் நின்றால் அந்த ஆசிரியர் சம்பளம் இல்லாமல் மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்துவார். நியமனத்துக்குப் பணம் வாங்கும் நிர்வாகங்கள் இருக்கும் இடத்தில் நிலைமை இன்னும் மோசம், கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்துக்குக் காத்திருப்பவர் வகுப்பில் எப்படி மனம் ஒன்றுவார்?

பணம் உண்மையில் எங்கே போகிறது என்று பார்க்க விரும்புபவர்கள் மாநில பட்ஜெட் ஆவணங்களில் மானியக் கோரிக்கை எண் 19-ஐயும் 43-ஐயும் எடுக்கலாம். 19 சுகாதாரம், 43 பள்ளிக் கல்வி. கணக்குத் தலைப்பில் 2210 என்றால் மருத்துவத்தின் வருவாய்ச் செலவு, சம்பளமும் மருந்தும் அதில் வரும். 4210 மூலதனச் செலவு, கட்டடம். கல்விக்கு 2202, 4202. சத்துணவும் காலை உணவும் சமூக நலத் துறையின் கோரிக்கையில் இருக்கும், பள்ளிக் கல்வியில் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு வரியிலும் முந்திய ஆண்டின் கணக்கு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று இருக்கும். செய்தித்தாளில் வருவது கடைசி எண். நம்ப வேண்டியது முதல் எண். 2023-24-க்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று அந்த ஆண்டுப் புத்தகத்தில் பார்த்து, எவ்வளவு செலவானது என்று 2025-26 புத்தகத்தில் பார்த்தால் இடைவெளி தெரியும்.

மாவட்டப் பிரிவு அந்தப் புத்தகத்தில் வராது. அதற்குத் தகவல் உரிமை மனு. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், பதில் 30 நாளில் வர வேண்டும். "ஏன் செவிலியர் இல்லை" என்று எழுதினால் "விளக்கம் கேட்பது தகவல் அல்ல" என்று திரும்பி வரும். "மாவட்டம் முழுவதும்" என்று கேட்டால் "தொகுத்த விவரம் இல்லை" என்பார்கள். ஒரு நிலையத்தின் பெயரைச் சொல்லி, 31.3.2025 தேதியில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, பதவி வாரியாக, எந்தத் தேதியிலிருந்து காலி என்று கேட்க வேண்டும். மருந்துக்கு, பாஸ்புக்கின் ஆண்டு ஒதுக்கீடு, மாதவாரியாக எடுத்த தொகை, மெட்பார்மின் கையிருப்பு பூஜ்யமாக இருந்த நாட்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

கையில் விவரம் வந்த பிறகு அதை வைக்கும் இடமும் ஊருக்கு ஊர் மாறும். கிராம ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை, அங்கே தீர்மானமாக எழுத வைக்கலாம். பேரூராட்சியில் கிராம சபை கிடையாது, வார்டு கவுன்சிலர் வழியாக மன்றக் கூட்டத்தில் வைக்க வேண்டும், அல்லது திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. உதவி பெறும் பள்ளியில் 2012 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம். ஆகவே அங்கே பெற்றோர் நிர்வாகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஒரே நகலாக எழுதுவது நல்லது. ஆசிரியர் இடம் போகும் பயம் உள்ள சிறிய பள்ளிகள் ஜூன் மாதத்திலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும். ஐந்து வயது நிறைந்த பிள்ளை அங்கன்வாடியில் நின்றுபோயிருந்தால் சேர்க்க வேண்டும். வேறு பள்ளியிலிருந்து வந்த பிள்ளையின் பெயர் எமிஸ் என்ற கல்வித் துறை இணையப் பதிவேட்டில் பழைய பள்ளியின் பதிவிலேயே மாட்டிக்கிடந்தால் இங்கே எண்ணிக்கையில் வராது, மாற்றுச் சான்றிதழோடு பொதுத் தொகுப்புக்கு விடுவித்து வாங்க வேண்டும். இதை ஜூலை கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போட்டு, சர்வர் மெதுவாக இருக்கிறது என்று இரண்டு பெயர் விட்டுப்போனால், ஆகஸ்ட் 1 கணக்கில் அந்தப் பள்ளி மூன்றாவது ஆசிரியரை இழக்கும்.